டப்பாவுக்கு மூக்கு வைத்த கதை

என் ஜீப்புக்குப் பவர் ஸ்டியரிங் பம்ப் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இரண்டு முறையும் பம்ப்பின் மேல் தப்பே இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடமும், வீட்டில் கணக்குச் சொல்ல முடியாத அளவுக்குப் பணமும் ஆனது. தப்பு, பம்ப்புக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து அதற்கு எண்ணெய் கொடுக்கும் டப்பாவில். அதிலும் அதன் மூடியில், குண்டூசி மட்டும் நுழையும் ஒரு சின்ன ஓட்டையில். அந்த ஓட்டையை அடைத்தவன் நான்தான்.

வண்டி மகிந்திராவின் எம்எம்540. பூஜோ டீசல் எஞ்சின். அப்பா ஓசூரில் இருந்தபோது வாங்கியது. நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தபோது கூடவே வந்துவிட்டது. அந்தக் காலத்து ஜீப்பில் பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது. பழைய ஒல்லி டயரோடு ஓடிய வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நான் 31 இஞ்ச் மட் டயர் போட்டேன், கதை மாறியது. எங்கள் தெருவில் எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துவிட்டால், வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். என் மனைவி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தாள். சாவியை மேஜைமேல் வைத்தவள் அப்புறம் தொடவே இல்லை.

பொலிரோவுக்கு வரும் ஸ்டியரிங் பாக்ஸையும் (ஸ்டியரிங்கைச் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெட்டி) பம்ப்பையும் இந்த ஜீப்பில் ஏற்றலாம். நிறையப் பேர் செய்வதுதான். எனக்குச் செய்து கொடுத்தவர் கோலார் தங்க வயல்காரர், அறுபதை நெருங்கும் மேஸ்திரி. பானஸ்வாடிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. காலையில் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வந்து, சாயங்காலம் ரயிலிலேயே திரும்பிப் போகிறவர். பிராக்கெட், புல்லி, பெல்ட் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தார். எண்ணெய் டப்பாவுக்கு மட்டும், "தம்பி, நல்லதா ஒண்ணு செஞ்சுக்கலாம்" என்றார். நான்தான், "இதுக்குப் போய் எதுக்குண்ணே செலவு?" என்று ஏதோ ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அகலமாக, குட்டையாக, ஊறுகாய் ஜாடி மாதிரி இருந்தது. ஏப்ரனில், அதாவது பானெட்டுக்குள் பக்கவாட்டுத் தகட்டில், இரண்டு போல்ட் போட்டு மாட்டினோம். ஊருக்குள் ஓடும்வரை எந்தப் பிரச்சினையும் இல்லை.

பிரச்சினை சக்லேஷ்பூரில் வந்தது. நண்பரின் காபித் தோட்டம், ஜூலை மழை, சிவப்புச் சேறு. ஒரு பக்கச் சரிவில் வண்டி நன்றாகச் சாய்ந்து நின்றபோது பானெட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. திறந்து பார்த்தால் டப்பாவின் மூடியிலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் புகைக்குழாய்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்கு நாங்கள் ஊற்றியிருந்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கான ஏடிஎஃப் எண்ணெய். கொதிக்கும் எக்ஸாஸ்டில் பட்டால் புகை மட்டும்தான் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நண்பர் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். அதற்குப் பிறகு என் வண்டியிலும் ஒன்று இருக்கிறது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த மூடியைக் கழற்றினேன். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. ஒழுகல் இங்கிருந்துதான் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய எம்-சீல் மிச்சம் இருந்தது. பிசைந்து, உருட்டி, அடைத்தேன். ஒழுகல் நின்றது. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் மாதிரி அப்புறம் ஒரு வருடம் தூங்கவில்லை.

இரண்டு வாரத்தில் பம்ப் அழ ஆரம்பித்தது. மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள், 'பம்ப் அழுவுது' என்று. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது போன்ற ஒரு முனகல். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடும், நேராக்கினால் குறையும். டின் ஃபேக்டரி சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்ப்பார். கூடவே பம்ப்பின் மூக்குப் பக்கம், புல்லிக்குப் பின்னால், எண்ணெய்க் கசிவு. மேஸ்திரி அப்போது முழங்கால் வைத்தியத்துக்காக ஊரிலேயே தங்கிவிட்டார். நான் வேறொரு கடைக்குப் போனேன். பம்ப் போய்விட்டது என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சிவாஜிநகர் குஜரியில், பழைய சாமான் சந்தையில், ஒரு பழைய பம்ப் வாங்கிப் போட்டோம். பத்து நாள் அமைதி. மறுபடி அழுகை. இந்த முறை பழைய சாமானே வேண்டாம் என்று ஜே.சி. ரோட்டில் புதுசாக வாங்கினேன். அதுவும் ஒரு மாதத்தில் அழுதது. மூன்று வேறு வேறு பம்ப்புகள் ஒரே ராகத்தில் அழுதால் கோளாறு பம்ப்பில் இல்லை என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

மேஸ்திரி திரும்பி வந்த அன்றே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பம்ப்பைத் தொடவே இல்லை. டப்பாவின் மூடியைத் திருகினார். 'புஸ்' என்று காற்று வந்தது. உள்ளே எண்ணெய், ரோஸ் மில்க் மாதிரி நுரைத்துக் கிடந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, மூக்கையே அடைச்சு வச்சிருக்கே?"

அவர் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது, 2001இல் மூடிவிட்டார்கள். கீழே வேலை நடக்க வேண்டுமானால் முதலில் காற்று போக வர வழி வேண்டும் என்பது அந்த வீட்டில் சோறு மாதிரி சாதாரண விஷயம். என்னை மாதிரி கம்ப்யூட்டர்க்காரனுக்கு அதை விளக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் சொன்னதையும், பிறகு நான் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பம்ப்பிலிருந்து ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும் குழாயில் அழுத்தம் பயங்கரம்; முழுதாகத் திருப்பி லாக்கில் பிடித்தால் 70, 80 பார், அதற்கு மேலும் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான். ஆனால் டப்பாவில் அழுத்தமே இருக்கக் கூடாது. அது வெறும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. வெளிக்காற்றின் அழுத்தம்தான் எண்ணெயைப் பம்ப்பின் வாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றுக்கு வழி, மூடியில் இருக்கும் ஓட்டை.

எண்ணெய் சூடானால் பெருகும். ஒரு லிட்டர் ஏடிஎஃப் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 40 மில்லி கூடும். அதன் மேலே இருக்கும் காற்றும் சூடாகிப் பெருக வேண்டும். ஓட்டை அடைபட்டால் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. மேலே 300 மில்லி காற்று இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன், டப்பாவுக்குள் 0.4 பார் அழுத்தம் சேருகிறது. கேட்க அற்பமாக இருக்கும். பம்ப்பின் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் சீல், அழுத்தம் இல்லாத பக்கத்துக்காகச் செய்த மெல்லிய ரப்பர் உதடு. அதற்கு இது போதும். எண்ணெய் அங்கே கசியத் தொடங்கும். வண்டியை நிறுத்தி எல்லாம் ஆறினால் நேர் எதிர்: கசிந்துபோன எண்ணெயின் இடத்தில் வெற்றிடம். உள்ளே காற்று இழுக்க வேண்டும். மூக்கு இல்லை. அதே சீல் வழியாக, ஹோஸ் கிளிப்பின் இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். காற்று கலந்தால் நுரை. நுரை பெருகினால் இன்னும் அழுத்தம். பம்ப் எண்ணெய்க்குப் பதில் குமிழிகளை மெல்லும். குமிழிகள் உடையும் சத்தம்தான் அந்த அழுகை. நாளானால் உள் உலோகத்தையே அரித்துவிடும்.

நான் மாற்றிய பம்ப்புகள் எல்லாம் பட்டினியால் அழுதவை. அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்து ஆளை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சரி, அந்த ஓட்டையைத் திறந்துவிட்டால் போதுமா என்றால், போதாது. திறந்தால் சக்லேஷ்பூர் கதைதான் திரும்பும். மூக்கும் வேண்டும், அது ஒழுகவும் கூடாது. அதற்காகத்தான் புது டப்பா.

இங்கே ஒரு பழைய கதை. பவர் ஸ்டியரிங்கை உருப்படியாக ஓட வைத்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். ஸ்டியரிங் திருப்பாத நேரத்திலும் எண்ணெய் திறந்த வால்வு வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கட்டும், திருப்பும்போது மட்டும் வழி குறுகி அழுத்தம் வரட்டும் என்பது அவருடைய யோசனை. 1926இலேயே ஓட்டிக் காட்டிவிட்டார். கடையில் விற்கும் காரில் அது வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். இன்றும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் என்றால் இதுதான். எண்ணெய் ஓயாமல் சுற்றுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் ஓடும் பம்ப்பில், டப்பாவில் முக்கால் லிட்டர் எண்ணெய் இருந்தால் ஒவ்வொரு சொட்டுக்கும் அங்கே கிடைக்கும் ஓய்வு ஏழெட்டு விநாடி. அதற்குள் அதில் கலந்த குமிழி மேலே வந்து உடைந்துவிட வேண்டும். ஊறுகாய் ஜாடியில், திரும்பி வரும் குழாய் மேலிருந்து அருவி மாதிரிக் கொட்டினால் குமிழி உடைவதற்குப் பதில் புதுசாகப் பிறக்கும்.

அதனால் புது டப்பாவை ஒல்லியாக, உயரமாகச் செய்தோம். அலுமினியக் குழாய், விட்டம் 9 சென்டிமீட்டர், உயரம் 19. கொள்ளளவு 1.2 லிட்டர். மேஸ்திரிக்குத் தெரிந்த ஆர்கான் வெல்டர் அடியும் மேலும் வைத்து ஒட்டிக் கொடுத்தார். உயரம் ஏன் என்றால், மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் ஊற்றினால் மேலே ஆறு சென்டிமீட்டர் காற்றுக்கு. வண்டி 45 டிகிரி சாய்ந்தாலும் எண்ணெய் ஒரு சுவரோரம் ஏறுவது டப்பாவின் பாதி அகலம்தான், நாலரை சென்டிமீட்டர். கூரையைத் தொடாது. அதே எண்ணெயை 16 சென்டிமீட்டர் அகல டப்பாவில் வைத்தால் ஓரத்தில் எட்டு ஏறும். பழைய ஜாடி ஏன் ஒழுகியது என்பது இந்த ஒரு கணக்கில் முடிந்துவிட்டது.

அடியிலிருந்து பம்ப்புக்குப் போகும் வாய் ஐந்து நூல், அதாவது 16 மில்லிமீட்டர். பம்ப்பின் வாயும் அதே அளவு. திரும்பி வரும் வாய் மூன்று நூல். அதை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, சுவரை ஒட்டிச் சுற்றிவரும்படி சாய்த்து வைத்தோம். நடுவில் துளைகள் போட்ட ஒரு தகடு. திரும்பும் எண்ணெய் ஒரு பக்கம் இறங்கி, வேகம் அடங்கி, துளை வழியாக மறுபக்கம் போய், அப்புறம் பம்ப்புக்கு. வெல்டிங் முடிந்து வந்ததும் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். எங்களுடையதில் அலுமினியப் பொடி மணல் மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு நாலு முறை அலசினோம். இரும்புத் தூளுக்கு ஒரு காந்தம் வைக்கலாம் என்று எனக்கு ஆசை. எஸ்.பி. ரோட்டில் பளபளப்பான நியோடிமியம் காந்தம் வாங்கி வந்தேன். சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினால் பலம் போய்விடும் என்று பிறகுதான் படித்தேன். அது இப்போது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்கைத் தாங்குகிறது. டப்பாவின் அடியில் வெளிப்புறமாகப் பட்டை போட்டுக் கட்டியிருப்பது பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த கறுப்புக் காந்தம். அலுமினியம் காந்தத்தை மறைக்காது என்பதால் வெளியே இருந்தே வேலை செய்கிறது.

மாட்டும் இடத்துக்கு மட்டும் அரை நாள் போயிற்று. பம்ப்பின் வாயைவிட டப்பாவின் அடி உயரத்தில் இருக்க வேண்டும். நடுவே ஹோஸ் மேலே ஏறி இறங்கக் கூடாது. ஏறினால் அந்தத் திட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும். புகைக்குழாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில், ரப்பர் புஷ் வைத்த இரண்டு பட்டையில் மாட்டினோம். டப்பா பாடியில் நிற்கிறது, பம்ப் எஞ்சினோடு ஆடுகிறது. அதனால் ஹோஸை விறைப்பாக வெட்டாமல் ஒரு விரற்கடை தாராளமாக விட வேண்டும். இதை நான் செய்தேன். ஆனால் அந்த ஹோஸை எங்கே வாங்கினேன் என்பதில் அடுத்த தப்பு.

பரணில் நல்ல தடிமனான ரேடியேட்டர் ஹோஸ் ஒரு மீட்டர் இருந்தது. அளவு சரியாகப் பொருந்தியது. மேஸ்திரி ரயிலுக்குப் போன பிறகு அதை வெட்டி மாட்டிவிட்டேன். மூன்று வாரத்தில் தொட்டால் வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி கொழகொழவென்று ஆகிவிட்டது. தண்ணீருக்கான ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். தண்ணீரை எத்தனை வருடமும் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் வேண்டும். அதிலும் இந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம். சுவர் மெலிதாக இருந்தால் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், மறுபடி பம்ப்புக்குப் பட்டினி. கலாசிபாளையத்தில் கேட்டால் எண்ணெய் உறிஞ்சும் ஹோஸ் என்றே தருவார்கள். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஹோஸ் வேறு சங்கதி. அதற்கு கிளிப் போடும் எண்ணமே கூடாது. இரண்டு முனையும் மெஷினில் வைத்து நசுக்கித் தர வேண்டும். அதில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஊசித்துளை வழியே 80 பாரில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் உடனே ஆஸ்பத்திரிதான். கைக்குப் பதில் ஒரு காகித அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இனி மூக்கு. புது டப்பாவின் மூடியில் ஓட்டை கிடையாது, ரப்பர் வாஷரோடு இறுக மூடும். கூரையின் நட்டநடுவில் இரண்டு நூல் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சின்னக் குழாய்முனை) ஒன்று. நடு என்பது முக்கியம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எண்ணெய் கடைசியாக வரும் இடம் அது. அதற்குக் கீழே உள்பக்கம் காலணா அளவில் ஒரு தகடு, துள்ளும் எண்ணெய் நேராக ஏறாமல் இருக்க. நிப்பிளிலிருந்து ஹோஸ் மேலே போய், விண்ட்ஷீல்டின் அடி உயரத்தில் ஒரு வளைவு வளைந்து, இறங்கி ஒரு சின்ன பாட்டிலில் முடிகிறது. தப்பித்தவறி ஏறும் எண்ணெய் பாட்டிலில் விழும், எக்ஸாஸ்டில் விழாது. மெக்கானிக்குகள் பிரீதர் என்று சொல்வது இதைத்தான்.

மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்துச் சாய்த்துச் சோதித்தோம். நான் தண்ணீர் ஊற்றப் போனேன். மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். ஒரு துளி தண்ணீர் உள்ளே தங்கினாலும் எண்ணெய் கெட்டுவிடும். கழற்றிய பழைய எண்ணெயையே ஊற்றி, நாலு பக்கமும் 45 டிகிரி சாய்த்தோம். நிப்பிளில் ஒரு சொட்டு வரவில்லை. மேஸ்திரி பீடி பற்றவைக்கக் கொட்டகைக்கு வெளியே போனார். அவரிடமிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான்.

பிறகு ஏர் எடுக்கும் வேலை. இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். எண்ணெய் ஊற்றியவுடன் எஞ்சினைக் கிளப்பினால், உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் கடைந்து மோராக்கிவிடும். அப்புறம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, எஞ்சின் ஓடாமலேயே ஸ்டியரிங்கை இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். இருபது முறை. மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் இதைச் செய்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி மாடியிலிருந்து, "ஏம்பா, வண்டி கிளம்பவே மாட்டேங்குது, நீ பாட்டுக்குத் திருப்பிட்டே கிடக்குறே" என்று கவலைப்பட்டார். டப்பாவில் முதலில் சோடா மாதிரி குமிழிகள், பிறகு இடைவெளி விட்டு, பிறகு ஒன்றிரண்டு. ராத்திரி முழுக்க மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு, காலையில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மறுபடி பத்து முறை. லாக்கில் தொட்டதும் விட்டுவிட வேண்டும். அங்கேயே அழுத்திப் பிடித்தால், அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்து அதே எண்ணெய் அங்கேயே சுற்றிச் சூடாகும். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். இது ரோட்டுக்கும் பொருந்தும்.

பழைய எண்ணெயை மட்டும் மறுபடி ஊற்றவில்லை. மூன்று பம்ப்புகள் மென்ற உலோகத்தூள் அதில் இருந்தது. திரும்பும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, புது எண்ணெய் ஊற்ற ஊற்ற ஸ்டியரிங்கைத் திருப்பி, சுத்தச் சிவப்பாக வரும்வரை ஓட்டினோம். இரண்டு லிட்டர் போனது. பிரேக் ஆயிலை ஊற்றச் சொல்லும் ஞானிகளும் உண்டு. கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த அந்த எண்ணெய் ஸ்டியரிங் சீல்களைத் தின்றுவிடும்.

வண்டி அமைதியானது. கனகபுரா ரோட்டுப் பக்கம் ஒரு நண்பரின் நிலத்தில் பாறையும் பள்ளமுமாக இரண்டு மணி நேரம் உருட்டினேன். டப்பாவின் வெளிச்சுவரை வெப்பமானியால் பார்த்தால் 98 டிகிரி; ஊருக்குள் 70ஐத் தாண்டுவதில்லை. ஒழுகல் இல்லை. அழுகை இல்லை. வரும் வழியில் மனைவியிடம் சாவியைக் கொடுத்தேன். ஒரே விரலால் திருப்பி, "இதுக்கா ஒரு வருஷம்?" என்றாள்.

ஒரு வாரம் கழித்து மறுபடி முனகல்.

இந்த முறை நான் பம்ப்பைத் திட்டவில்லை, நேராக மூக்கைப் பார்த்தேன். பாட்டில் வாங்கும்போது அழகாக இருக்கட்டும் என்று, அழுத்தி மூடும் மூடியோடு ஒரு நல்ல பாட்டிலை வாங்கி, மூடியில் ஹோஸ் நுழையும் அளவுக்குச் சரியாக ஓட்டை போட்டு, போதாக்குறைக்கு ரப்பர் வளையமும் போட்டிருந்தேன். சொட்டு காற்று கூடக் கசியாது. எம்-சீலை டப்பாவிலிருந்து எடுத்து இரண்டடி தள்ளி வைத்த மாதிரி. மேஸ்திரியிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் ரயில் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாட்டிலின் தோளில் இன்னொரு ஓட்டை போட்டேன். ஹோஸின் முனையையும் பாட்டிலின் அடியில் தொடாமல் மேலே தூக்கினேன். இல்லாவிட்டால் எண்ணெய் ஆறும்போது பாட்டிலில் கிடக்கும் அழுக்கை உறிஞ்சி டப்பாவுக்கே கொண்டுபோகும்.

இந்த 'ஆறும்போது உறிஞ்சும்' விஷயம் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் வண்டி இறங்கினால் சூடான டப்பா சட்டென்று குளிரும், காற்று சுருங்கும், மூக்கு வழியாக உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் மூக்கு நீருக்குள் இருந்தால் இழுப்பது நீரை. முன் பின் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் இதே மூக்குகள் உண்டு. அவற்றையும் அதே உயரத்துக்கு ஹோஸ் போட்டு ஏற்றிவிட்டேன். விண்ட்ஷீல்டுக்குக் கீழே இப்போது நாலைந்து ஹோஸ் முனைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ஃபில்டர் போட வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். அதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஓசூரில் ஒரு மாதம் இருக்க வேண்டி வந்தது. ஜீப் வாசலிலேயே மூடாமல் நின்றது. திரும்பி வந்து எடுத்த இரண்டாம் நாள், ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது அந்தப் பழைய ராகம். இந்த முறை கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. பாட்டிலின் தோளில் நான் போட்ட ஓட்டையை வழவழவென்று களிமண் பூசி அடைத்திருந்தது ஒரு குளவி. நான் எம்-சீலில் செய்ததைவிடச் சுத்தமான வேலை. பக்கத்தில் இருந்த ஆக்சில் ஹோஸையும் விட்டுவைக்கவில்லை.

மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்து, அன்றே பைக்குகளுக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டரை ஒவ்வொரு முனையிலும் தலைகீழாகச் செருகினேன். பம்ப்புகளில் இன்று ஓடுவது முதலில் கழற்றிய பம்ப்தான். மேஸ்திரி பிரித்துப் பார்த்து, உள்ளே காயம் இல்லை என்று சீல் கிட் மட்டும் மாற்றிக் கொடுத்தார். மற்ற இரண்டும் பரணில், ரேடியேட்டர் ஹோஸ் இருந்த இடத்தில். மழை முடிந்ததும் பாட்டிலைத் திறந்து பார்த்தேன், அடியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். குளவி இப்போது ஜாக்கிக் கம்பியின் குழாய்க்குள் கூடு கட்டுகிறது. அதில் காற்று போக வேண்டிய அவசியம் இல்லாததால் விட்டுவிட்டேன்.